கல்லில் அடித்தால் செனில் தாங்காது

பவானி ஜமக்காளம் நெருக்கமான நெசவு. முரட்டுத் துவைப்பையும் தாங்கும். பருத்திச் செனில் விரிப்பு அந்த ரகமல்ல. இரண்டு நூல்களைச் சேர்த்து முறுக்கும்போது இடையில் சிக்கும் குட்டை இழைகள்தான் அதன் மென்மை. அவற்றைப் பிடித்திருப்பது அந்த முறுக்கு மட்டுமே. பிரஷ் போட்டுத் தேய்த்தாலும், முறுக்கிப் பிழிந்தாலும் இழைகள் உதிர்ந்து விரிப்பு வழுக்கையாகிவிடும்.

முதலில் தூசியை உதற வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியை ஓரத்தில் ஒற்றிப் பார்த்தால் சாயம் போகுமா என்று தெரிந்துவிடும். பிறகு குளிர்ந்த நீர், கொஞ்சம் மென்மையான திரவ சோப்பு, உள்ளங்கை அழுத்தம். பிளீச்சிங் பவுடர் கூடவே கூடாது. அலசியபின் துண்டில் சுருட்டி நீரை ஒற்றியெடுக்கலாம்.

உலர்த்துவதில்தான் ஊர் குறுக்கிடுகிறது.

மலையடிவாரப் போடிநாயக்கனூரில் காற்றோட்டமான நிழலே போதும். மலைமேல் போடிமெட்டை ஒட்டிய ஏலத்தோட்டக் குடியிருப்புகளில் மழைக்காலத்தில் சாரலும் மூடுபனியும் நாள்கணக்கில் நீடிக்கும். ஈரப் பருத்தியில் பூஞ்சை பிடிக்கும். அவசரத்துக்கு அடுப்பின்மேல் தொங்கவிட்டால் துணி சுருங்கும், புகை வாடையும் ஏறும். அங்கே அந்த நாள்களில் கறை பட்ட இடத்தை மட்டும் துடைத்து, முழுத் துவைப்பை வெயில் நாளுக்குத் தள்ளுவதே சரி.

இதையெல்லாம் வாங்குபவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக் கடைகளில் விற்கும் விரிப்புகளில் துவைக்கும் முறையைத் தமிழிலும் அச்சிட உற்பத்தியாளர்கள் முன்வர வேண்டும்.