சம்மட்டி அறிந்ததும் பாடநூல் மறந்ததும்

உலோகங்கள் அடித்தால் தகடாகும், அலோகங்கள் நொறுங்கும் என்று எழுதித் தில்லி லக்ஷ்மிபாய் நகரின் மாணவர் மதிப்பெண் பெறுகிறார்; தஞ்சாவூர் மாணவரும் அதையே எழுதிப் பெறுகிறார். அவ்வாக்கியம் பாதி உண்மை. பாதி உண்மையை மனப்பாடம் செய்விப்பதற்கு அறிவியல் கல்வி என்று பெயரிடுவது தகாது.

துத்தநாகம் உலோகமே. அறை வெப்பநிலையில் அடித்தால் விரிசல் விடும். 100 முதல் 150 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் தகடாகப் பணியும். பிஸ்மத்தும் உலோகமே, அடித்தால் நொறுங்கும். கரிமம் மிகுந்த வார்ப்பிரும்பு உடையும்; கரிமம் குறைந்த தேனிரும்பு செந்தணலில் வளைந்து கொடுக்கும். ஆகவே, 'இரும்பு தகடாகுமா?' என்பதே குறையுள்ள வினா. எந்த இரும்பு, எந்தச் சூட்டில் என்று சேர்த்துக் கேட்டால்தான் அதற்கு விடை உண்டு.

பிணைப்பு அறாமல் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதே தகடாகும் பண்பு. சூடும், கலப்பும், முன்பு வாங்கிய அடியும் அவ்வழுக்கலை மாற்றும். செம்பைக் குளிர்நிலையில் தட்டத் தட்ட இறுகும். மீண்டும் நெருப்பில் காட்டினால் இளகும். பாத்திரம் அடிக்கும் கன்னார் இதை நாள்தோறும் செய்கின்றனர். பஞ்சாபின் ஜண்டியாலா குருவில் தட்டேராக்கள் செய்யும் இதே தொழிலை யுனெஸ்கோ 2014இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. தேர்வுத்தாளில் மட்டும் அதற்கு இடமில்லை.

சிறுவர்க்கு எளிய விதி போதும் என்பர் சிலர். என்.சி.இ.ஆர்.டி.யின் பழைய 8ஆம் வகுப்பு நூலே ஆணியையும் கரித்துண்டையும் சுத்தியலால் அடித்துப் பார்க்கச் சொன்னது. சிறுவரால் செய்யக்கூடியது என்று கருதித்தானே சொன்னது? செய்முறை தாளில் தங்கிவிட, வரையறை மட்டுமே தேர்வுக்குள் நுழைந்தது.

லக்ஷ்மிபாய் நகருக்குத் தெற்கே மெஹ்ரௌலியில் நிற்கிறது இரும்புத் தூண். உயரம் 7 மீட்டருக்கு மேல். எடை 6 டன்னுக்கு மேல். வயது ஏறத்தாழ 1600 ஆண்டுகள். துருப்பிடிக்காத அதிசயம் என்று அதைப் போற்றாதவர் இல்லை. ஆனால் அது வார்த்தெடுத்த தூண் அன்று. இரும்புக் கட்டிகளைப் பழுக்கக் காய்ச்சி, அடித்து அடித்து ஒன்றாக்கிய தூண். துருவாமையைப் புகழும் நாவுகள் அடித்த கைகளைப் பற்றி ஒரு சொல் சொல்வதில்லை.

அத்தொழிலை இன்றும் செய்பவர்கள் இதே தில்லியின் நடைபாதைகளில் உலைமூட்டி வாழ்கின்றனர். காடியா லோஹார் எனப்படும் அவர்களைச் சித்தோர் கோட்டைக்குள் 1955இல் நேரு அழைத்துச் சென்றார். நகரமோ இன்னும் அவர்களை ஆக்கிரமிப்பாளர் என்றே காண்கிறது. தூணுக்குப் பாதுகாப்பு வேலி. தூணின் தொழிலுக்கு வெளியேற்ற அறிவிப்பு.

வரையறையைக் கேட்கும் வினாவை நீக்குக. ஒரே ஆணியைக் குளிர்ந்தபோதும் பழுத்தபோதும் அடித்தால் என்ன வேறுபாடு என்று கேட்கட்டும். அதைக் காட்ட ஒரு லோஹாரை வகுப்புக்கு அழைக்கட்டும். ஆசிரியருக்கு உரிய ஊதியத்தையும் அவருக்குக் கொடுக்கட்டும்.