மூன்று தடவை கேட்ட பிறகு சொல்கிறேன்

அகம் குழுவின் புதிய இசைத்தொகுப்பு வந்ததும் நான் செய்த முதல் வேலை, மறுநாள் ஒப்படைக்க வேண்டிய இடுபணியை ஓரமாக வைத்ததுதான். அவர்களின் இரண்டாவது தொகுப்பு 2017-இல் வந்தபோது நான் ஆறாம் ஆண்டு மாணவி, யு.பி.எஸ்.ஆர். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கிறேன். அவ்வளவு காலம் காத்திருந்துவிட்டு, 'அரைவல் ஆஃப் தி எதீரியல்' என்ற இந்த மூன்றாவது தொகுப்பை எங்கே கேட்டேன் தெரியுமா? ஸ்கூடாயிலிருந்து ஜே.பி. சென்ட்ரல் போகும் பேருந்தில், ஒரு பக்கம் மட்டுமே வேலை செய்யும் இயர்போனில்.

பிடிக்கவில்லை. பேருந்தை விட்டு இறங்குவதற்குள் இரண்டு தோழிகளுக்குப் புலனத்தில் அப்படியே எழுதி அனுப்பியும் விட்டேன்.

அகத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெங்களூரைச் சேர்ந்த இவர்கள் 2007-இல் சன் டிவியில் ஏ.ஆர். ரஹ்மான் நடுவராக இருந்த 'ஊ லலலா' போட்டியில் வென்றவர்கள். தங்கள் இசையைக் கர்நாடக புரோகிரெசிவ் ராக் என்பார்கள். மூன்று நிமிடத்தில் பல்லவி, சரணம், முடிவு என்ற கணக்கு இந்த வகை இசையில் கிடையாது. பாட்டின் நடுவே தாளம் மாறும், வேகம் மாறும், கித்தார் சில இடங்களில் மெட்டல் அளவுக்கு இடிக்கும். 2012-இல் வந்த முதல் தொகுப்பில் தியாகராஜரின் 'பண்டுரீதி கோலு' இருந்தது. ஹம்ஸநாத ராகம் என்பதால் அதற்கு 'ஸ்வான்ஸ் ஆஃப் சரஸ்வதி', சரஸ்வதியின் அன்னங்கள், என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தக் குறும்புக்காகவே நான் அவர்களின் ரசிகை ஆனேன்.

நம் பக்கத்திலும் இப்படி முயன்றவர்கள் உண்டு. பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். அங்கே 1992-லேயே தொடங்கியது ருத்ரா குழு. டெத் மெட்டலோடு சமஸ்கிருத மந்திரங்களைச் சேர்த்து, அதை வேத மெட்டல் என்றே சொல்ல வைத்தவர்கள். ஜொகூரில் வளர்ந்தும் அவர்களைப் பற்றி எனக்குப் பள்ளியில் யாரும் சொன்னதில்லை என்பது ஒரு சின்னக் குறை.

புதிய தொகுப்புக்கு வருகிறேன். அதில் ஷ்ரேயா கோஷலும் சேர்ந்து பாடியிருக்கும் 'தி சைலன்ஸ் தட் ரிமெயின்ஸ்' என்ற பாட்டு, தியாகராஜரின் 'மோக்ஷமு கலதா' கீர்த்தனையை எடுத்துக்கொண்டது. விடுதி அறையில் என்னோடு தங்கியிருக்கும் பத்து பகாட் சீனத் தோழிக்கு அதைப் போட்டுக் காட்டினேன். அவள் மின்கித்தார் வாசிப்பவள், டிரீம் தியேட்டர் பைத்தியம். பாதியிலேயே, "இது மெட்டல் இல்லை, சினிமாவுக்குப் போட்ட பின்னணி இசை" என்றாள். வார இறுதியில் கூலாய்க்குப் போனபோது அம்மாவிடம் போட்டேன். "கீர்த்தனையைப் போய் இப்படிப் பண்ணியிருக்காங்களே" என்றார். ஒருவருக்குப் போதுமான மெட்டல் இல்லை. இன்னொருவருக்குப் போதுமான கர்நாடகம் இல்லை. இத்தகைய குழுக்கள் எல்லாவற்றுக்கும் கிடைக்கும் இரட்டை அடி இது.

ஆனால் அன்றிரவு தோழி சும்மா இருக்கவில்லை. பாட்டின் மெட்டைக் கித்தாரில் தேடிப் பிடித்துவிட்டு, "இது வெறும் மைனர் ஸ்கேல்தானே! நாங்கள் தினமும் வாசிப்பதுதான்" என்றாள். எனக்குத் தூக்கிப் போட்டது. மோக்ஷமு கலதாவின் ராகம் ஸாரமதி. அது இருபதாவது மேளகர்த்தாவான நடபைரவியில் பிறந்தது. வீட்டில் கீபோர்டு இருந்தால் நீங்களே வாசித்துப் பாருங்கள்: ஏ-யில் தொடங்கி, கறுப்புக் கட்டை எதையும் தொடாமல் வெள்ளைக் கட்டைகளையே வரிசையாக அடுத்த ஏ வரை ஏறினால், அதுதான் ஸாரமதியின் ஆரோகணம். மேற்கில் அதற்கு நேச்சுரல் மைனர் என்று பெயர். எத்தனையோ மெட்டல் பாட்டுகளுக்கு அதுவே வீடு. வித்தியாசம் இறங்கும்போதுதான். ஏ, ஜி, எஃப் என்று வந்து, ஈ-யை விட்டுவிட்டு டி, சி, பிறகு பி-யையும் விட்டுவிட்டு ஏ. அதாவது பஞ்சமமும் ரிஷபமும் கிடையாது. அந்த இரண்டு தாவல்களில்தான் மைனர் ஸ்கேல் ஸாரமதியாக மாறுகிறது.

ஆகவே கித்தாரை இந்தக் கீர்த்தனைக்குள் யாரும் வலுக்கட்டாயமாகத் திணிக்கவில்லை. வாசல் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

இதே ராகத்தில் இதே சண்டை முன்பும் நடந்திருக்கிறது. 1985-இல் வெளிவந்த பாலசந்தரின் 'சிந்து பைரவி'யில் சித்ரா பாடிய 'பாடறியேன்' நம் எல்லோர் வீட்டிலும் ஒலித்த பாட்டு. அவருக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த பாட்டும்கூட. நாட்டுப்புறச் சாயலில் தொடங்கி தியாகராஜரின் 'மரி மரி நின்னே'யில் போய் முடியும். அந்தக் கீர்த்தனை காம்போதி ராகத்தில் அமைந்தது. இளையராஜா அதை ஸாரமதிக்கு மாற்றினார். தியாகராஜர் அமைத்ததை மாற்ற இவர் யார் என்று அப்போது கிளம்பிய எதிர்ப்பு சிறியதல்ல. இன்று அந்தப் பாட்டைக் குற்றம் சொல்கிற ஒருவரையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அது வேற" என்றார். ஏன் வேறு என்று மட்டும் சொல்லவில்லை.

மூன்றாவது தடவை நல்ல இயர்போனைக் கடன் வாங்கி, விளக்கை அணைத்துவிட்டு, தொகுப்பை முதலிலிருந்து கேட்டேன். பேருந்தில் பாதி இசை என் காதுக்கே வரவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. ஹரிஷ் சிவராமகிருஷ்ணனின் குரலில் சாகித்தியம் சிதையவில்லை, அவசரமும் இல்லை. ஆனாலும் என் முதல் குறை முழுவதும் பொய்யாகிவிடவில்லை. மேற்கத்திய வாத்தியக் கூட்டம் கிடைத்த இடைவெளியை எல்லாம் நிரப்பிவிடுகிறது. பிரவீன்குமாரின் கித்தார் தனியாகப் பேச வேண்டிய இடத்தில்கூட வயலின்கள் வந்து அணைத்துக்கொள்கின்றன. மிஞ்சும் மௌனம் என்று பாட்டுக்குப் பெயர் வைத்துவிட்டு மௌனத்துக்கு இடம் தராதது எனக்கு உறுத்துகிறது. முதல் தொகுப்பில் பணம் குறைவாக இருந்திருக்கலாம். காற்று நிறைய இருந்தது.

உண்மையில் என்னைத் தொந்தரவு செய்தது இசையமைப்பு அல்ல, பாட்டின் பொருள். உண்மையான பக்தியும் சங்கீத ஞானமும் இல்லாதவர்களுக்கு மோட்சம் உண்டா என்று கேட்கிறார் தியாகராஜர். பிராணனும் அக்கினியும் சேர்ந்து எழும் நாதமே ஏழு ஸ்வரங்களானது என்கிறார். எனக்கு மோட்சத்தைப் பற்றிக் கவலைப்படும் வயதில்லை. ஆனால் சங்கீத ஞானம் என்ற சொல் சுட்டது. கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் நடந்த வாய்ப்பாட்டு வகுப்பில் வர்ணம் வரை கற்றுக்கொண்டு, ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம்.முக்காக நிறுத்தியவள் நான். தேர்வு முடிந்ததும் திரும்பி வருகிறேன் என்று டீச்சரிடம் சொன்னேன். போகவில்லை. என்னோடு படித்த ஏழு பேரில் ஒருவர்கூடப் போகவில்லை.

இதைப் படிக்கும் பலருக்கும் இதே கதை இருக்கும். வகுப்புகளுக்குக் குறைவில்லை, கோயில்களில் நடக்கின்றன, ஜொகூர் பாருவில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இருக்கிறது. பாடமா பாட்டா என்ற கேள்வி வந்ததும் நாமே பாட்டை விட்டுவிடுகிறோம். ஹரிஷ் பல ஆண்டுகள் கணினி நிறுவனங்களில் வடிவமைப்பாளராக வேலை செய்துகொண்டே பாடியவர் என்பதைப் படித்தபோது என் சாக்கு கொஞ்சம் இளைத்துப்போனது.

அகம் போன்ற குழுக்களைக் கேட்டு இளைஞர்கள் தாமாகவே கர்நாடக இசைக்கு வந்துவிடுவார்கள் என்று மேடையில் பேசுபவர்களை நான் நம்புவதில்லை. பெரும்பாலோர் கித்தார் அதிரும் பத்து விநாடியைத் தங்கள் காணொளிக்கு வெட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நானும் முதல் தடவையோடு நின்றிருப்பேன், தோழி கித்தாரை எடுக்காமல் இருந்திருந்தால்.

போன வாரம் டீச்சருக்குப் பாட்டை அனுப்பி, "எப்படி இருக்கு டீச்சர்?" என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "பாட்டைப் பத்தி அப்புறம் பேசுவோம்மா. ஸாரமதி அவரோகணத்தை ஸ்வரமா பாடி அனுப்பு, பார்க்கலாம்."

மூன்று தடவை பதிவு செய்து மூன்றையும் அழித்துவிட்டேன். இறங்கும்போது அந்தப் பஞ்சமம் ஒவ்வொரு முறையும் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.