பூண்டும் வண்டும்

விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் கோயிலும் பீங்கான் சாமான்களும் நம் நினைவுக்கு வருகின்றன. அவ்வூர் உள்ளிட்ட தமிழ்நாட்டுச் சாலையோரங்களுக்கெல்லாம் பொதுவான சரக்கு வேறொன்றும் உண்டு. அதை யாரும் விலை கொடுத்து வாங்குவதில்லை. அதுதான் பார்த்தீனியம் என்னும் வெண்பூப் பூண்டு.

அமெரிக்கக் கண்டத்துக்குரிய இப்பூண்டு 1950-களின் நடுவில் புனாவில் காணப்பட்டது. பின்னர் தேசமெங்கும் பரவிவிட்டது. வடநாட்டார் இதற்குச் சூட்டிய பெயர் 'காங்கிரஸ் புல்'. பெயரிலே தேசபக்தி, குணத்திலோ பரம விரோதி! தொட்டவர் பலருக்குத் தோலில் அரிப்பு; மகரந்தம் பட்டவர் சிலருக்கு இரைப்பு. ஒரே செடி 15,000 விதைகளுக்கு மேலும் சிந்தவல்லது.

இதைத் தின்று வாழும் இலைவண்டு ஒன்றைப் பெங்களூர் விஞ்ஞானிகள் 1983-ல் மெக்ஸிகோவிலிருந்து வருவித்தார்கள். சைகோகிராமா என்பது அதன் சாஸ்திரப் பெயர். கால் அங்குல நீளம். வெளிறிய முதுகில் கரும்பழுப்புக் கோடுகள். வண்டும் தின்னும், அதன் புழுவும் தின்னும். மழைக்காலத்தில் பெருகும், வறட்சியில் மண்ணுக்குள் புகுந்து மாதக்கணக்கில் உறங்கும். வேறு பயிர்களைத் தின்கிறதா என்று சோதித்த பிறகே, 1984-ல் அதை வெளியே விட்டார்கள்.

ஆயினும் 1990-களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் சூரியகாந்தி இலைகளையும் வண்டு கடித்ததாகப் புகார் எழுந்தது. குடியானவர்கள் கலங்கியதில் வியப்பில்லை. ஆராய்ந்தபோது, பார்த்தீனிய மகரந்தம் படிந்த இலைகளையே அது பெரிதும் நாடியதென்று தெரிந்தது. சூரியகாந்தியும் பார்த்தீனியமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்லவா? விருத்தாசலத்தைச் சுற்றி விளையும் கடலையும் முந்திரியும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையல்ல.

சுட்டுத் தட்டிப் பாராத பாண்டத்தைச் சந்தைக்கு அனுப்பலாகாது என்பது சூளைத் தொழிலாளி அறிந்த நீதி. பாண்டம் பழுதானால் திரும்பப் பெறலாம். பறக்கவிட்ட வண்டைத் திரும்ப அழைக்க முடியுமா? ஆகவே, அந்நிய ஜீவனை வரவழைக்குமுன் சோதனை வேண்டும். வந்தபின்னும் குடியானவனின் புகாருக்குச் செவி சாய்க்க வேண்டும். இவ்விரண்டும் நடந்ததை நாம் பாராட்டுகிறோம்.

ஆனால் வண்டை மட்டும் நம்பி நாம் வாளாவிருத்தல் தகாது. மழை குறைந்த இடங்களில் அதன் வேலையும் குறைவு. எனவே, மண் ஈரமாயிருக்கும்போது, பூக்குமுன், கையுறையிட்டுப் பூண்டை வேரோடு பிடுங்கிவிடுங்கள். அதன் இலையில் கோடிட்ட வண்டுகளைக் கண்டால், பூச்சியென்று மருந்தடிக்காதீர்கள். நமக்குச் சம்பளமின்றி வேலை செய்பவர்கள் அவர்கள்!