பனி கொட்டும் மடமும் செம்மண் ஆச்சிரமமும்

மார்கழி வந்தால் வீடுகளில் ஆணி தேடத் தொடங்கிவிடுவோம். நகைக்கடைக் கலண்டர் ஒன்று, வங்கிக் கலண்டர் ஒன்று, வெளிநாட்டுச் சொந்தம் அனுப்பிய கிறிஸ்தவக் கலண்டர் ஒன்று. இந்தக் கடைசி வகையைப் பற்றித்தான் கதைக்கப்போகிறோம். வழுவழுப்பான தாள், மாதத்துக்கு ஒரு ஓவியம், கீழே ஒரு வேத வசனம். ஓவியம் முழுக்கத் துறவு மட வாழ்க்கை. கபில நிற அங்கி போட்ட துறவி பாண் சுடுகிறார், தேன்கூடு பார்க்கிறார், கல் வளைவுக்குக் கீழே மெழுகுதிரியோடு நடக்கிறார். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுது.

வடிவான படங்கள்தான். ஆனால் எங்கட கேள்வி இது: அமைதி எண்டால் அது ஏன் எப்பவும் குளிர் நாட்டிலேயே இருக்கவேணும்?

இந்த வகை ஓவியத்துக்கு ஒரு வரலாறு இருக்கு. ஜேர்மனியின் பவேரியாவில் 1803இல் அரசு மடங்களைக் கலைத்துச் சொத்துகளை எடுத்துக்கொண்டது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் எடுவார்ட் வொன் கிருட்ஸ்னர் போன்ற ஓவியர்கள் அங்கே வைன் ருசிபார்க்கிற, சிரிக்கிற துறவிகளை வரைந்து பேரெடுத்தார்கள். மடங்களை இழந்த நாடு மடத்தின் படங்களை மாட்டி ஆறுதல்பட்டது எண்டும் சொல்லலாம்.

எங்களுக்கு அந்த ஆறுதலைக் கடன் வாங்கவேண்டிய தேவை இல்லை. வசாவிளான் பக்கம் தோலகட்டி இருக்கு. மறைபரப்பு நாடுகளில் தியானத் துறவு மடங்களை வளர்க்கச் சொல்லி 1926இல் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் சுற்றுமடல் எழுதினார். இரண்டு வருசம் கழித்து, 1928இல், அமலமரித் தியாகிகள் சபைக் குருவான தோமஸ் அடிகளார் தோலகட்டியில் செபமாலைத் தாசர் சபையைத் தொடங்கினார். செபம், மௌனம், தோட்ட வேலை. எங்கட வயதுக்காரரில் பலருக்குச் சபையின் பெயர் தெரியாது. ஆனால் தோலகட்டி நெல்லிரசம் எண்டால் உடனே தெரியும். அந்தப் போத்தலுக்குப் பின்னால் இருக்கிற வாழ்க்கையை ஒரு கலண்டரிலும் நாங்கள் கண்டதில்லை.

1990இல் போர் மூண்டு வலிகாமம் வடக்கு இடம்பெயர்ந்தபோது, துறவிகளும் சனத்தோட சனமாக வெளிக்கிடவேண்டி வந்தது. மௌனத்துக்காக ஊரை விட்டு ஒதுங்கியிருந்தவர்களையும் ஷெல் தேடி வந்தது. குளிர்நாட்டுக் கலண்டரில் இருக்கிற அமைதி எதையும் இழந்ததாகத் தெரியேல்லை. எங்கட மண்ணில் அமைதி எண்டால், வேலிக்கு அந்தப் பக்கம் கிடந்த காணிக்குத் திரும்பிப்போய்க் கிணறு இறைக்கிறது.

"படத்தைப் பார்த்து மனம் ஆறட்டுமே, அதுக்குள்ளயும் ஏன் அரசியல்?" எண்டு கேட்பினம். நியாயமான கேள்விதான். ஆனால் சின்ன வயதிலிருந்து சுவரில் பார்க்கிற படம் மனதில் தங்கும். புனிதம் தூர தேசத்துச் சரக்கு எண்டு பழகிப்போனால், பக்கத்து ஊரில் மண்வெட்டி பிடிக்கிற துறவி எங்கட கண்ணுக்குத் துறவியாகத் தெரியமாட்டார்.

ஆகவே ஒரு யோசனை. மருதனார்மடத்தில் சித்திரம் படிக்கிற பிள்ளையளிடம் பன்னிரண்டு தாளைக் குடுப்போம். தை மாதத்துக்குச் செம்மண் தோட்டம். ஆவணிக்குப் பனங்காய் விழுகிற வளவு. கார்த்திகைக்கு மழையில் நிரம்பின கிணறு. ஆனிக்கு 1990இன் இடப்பெயர்வு. அதைச் சுவரில் மாட்ட மனம் வருமோ எண்டு கேட்கலாம். ஒரு மாதம்தானே. அதைப் பார்த்துவிட்டுத் தாளைப் புரட்டினால், ஆடி மாதத்து முந்திரிகைப் பந்தல் வெறும் வடிவாக மட்டும் தெரியாது.

கலண்டர் வேலை மார்கழியில் தொடங்கிற வேலை இல்லை. ஓவியம் கீற, அச்சடிக்க மாதங்கள் வேணும். பங்குகளில் இருக்கிற இளைஞர்கள் இப்பவே கதைக்கத் தொடங்கினால், வாற வருசத்து ஆணியில் தோலகட்டி தொங்கும்.