சோப்பு வைத்து அடைக்கிற கதையெல்லாம் இனி வேண்டாம்

மக்களே, லீவுக்கு ஊருக்குப் போகிற சீசன் வந்தாச்சு. மஸ்கட்டில் உட்கார்ந்து சித்திக்கு பாதாம், மச்சானுக்கு சென்ட், குழந்தைகளுக்கு சாக்லேட் என்று எல்லோரும் லிஸ்ட் போடுகிற நேரம். அந்த லிஸ்டில் யாருமே எழுதாத ஒரு ஐட்டத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு: ஊரில் ஷெட்டில் நிற்கிற பழைய காரின் பெட்ரோல் டியூப்.

பி.காம். படித்துவிட்டு பேங்கில் வவுச்சர் பார்க்கிறவனுக்கு இன்ஜினில் என்னய்யா வேலை என்று கேட்பீர்கள். கவலைப்படாதீர்கள், நான் பேசப்போவதும் கணக்குதான்.

எங்க பாலசமுத்திரம் பக்கம், வெளியே போய்விட்ட பல பேர் வீட்டில் ஒரு பழைய வண்டி இருக்கும். பெரும்பாலும் மாருதி 800. நைனாவை சித்தூருக்கோ வேலூருக்கோ டாக்டரிடம் கூட்டிப்போக, நாம் வந்தால் திருப்பதிக்கு ஒரு நடை. மற்ற நாளெல்லாம் கவர் போட்டு நிற்கும். "வண்டியில பெட்ரோல் வாசனை வருதுப்பா" என்று போனில் சொல்வார்கள். மெக்கானிக் வருவார். பார் சோப்பைக் குழைத்து அப்புவார், இல்லையென்றால் எம்-சீல். "ஏமீ காது சார்" என்பார். நாமும் இங்கிருந்து "சரி, ஓட்டுங்க" என்போம்.

இந்த "ஏமீ காது"வைத்தான் நான் எதிர்க்கிறேன். ஆயில் ஒழுகினால் தரை கறையாகும். தண்ணீர் ஒழுகினால் இன்ஜின் சூடாகும். பெட்ரோல் ஒழுகினால்? மைனஸ் 40 டிகிரி குளிரிலும் தீப்பிடிக்கக் கூடிய ஆவியை விடுகிற திரவம் அது. அந்த ஆவி காற்றைவிடக் கனம். மேலே போய்க் கலையாது, தரையோடு தேங்கும். பக்கத்தில் டிஸ்ட்ரிபியூட்டர், சுடுகிற சைலன்சர் குழாய். பெட்ரோல் கசிவில் சின்னக் கசிவு, பெரிய கசிவு என்று கிடையாது.

"நாற்பது வருஷமா சோப்புதானே வெச்சோம், ஓடலையா?" என்று கேட்கிற பெரியவர்களுக்கு ஒரு பதில். சோப்பு பெட்ரோலில் கரையாது, வாஸ்தவம். டேங்கில் ஊசி ஓட்டை விழுந்தால் வீடு வந்து சேர அது உதவும், அவ்வளவுதான். வெடித்த ரப்பர் டியூபுக்கு அது வைத்தியமே இல்லை. ரப்பர் ஆடும், வளையும். மேலே அப்பியது உரிந்து விழும்.

அதைவிட முக்கியம், பெட்ரோலே மாறிவிட்டது. 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2025-க்குள் நாடு முழுக்க அதுவே வழக்கமாகிவிட்டது. ஆந்திராவில் விலை அதிகம் என்று பார்டர் தாண்டி பள்ளிப்பட்டில் போட்டாலும் கிடைப்பது அதே சரக்குதான். பழைய வண்டியின் ரப்பர் இந்தக் கலவைக்காகச் செய்தது இல்லை. எத்தனாலில் ஊறினால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். போதாததற்கு எத்தனால் ஈரத்தை இழுக்கும், நிற்கிற வண்டியின் டேங்க் துருப்பிடிக்கும்.

அரசாங்கம் என்ன சொன்னது? 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம், சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்கள், கேஸ்கெட்டுகளை மாற்ற வேண்டி வரலாம், செலவு குறைவுதான் என்றது. நல்லது. இப்போது கணக்கு போடுங்கள். உங்கள் வண்டி வருஷத்துக்கு 400 கிலோமீட்டர் ஓடுகிறதா? 20,000 ஆக 50 வருஷம்! ரப்பருக்கு மீட்டர் பார்க்கத் தெரியாது ஐயா, அதற்கு வருஷம்தான் தெரியும். நின்ற இடத்திலேயே காய்ந்து வெடிக்கும். சரி, செலவு குறைவுதான் என்றால் பங்கில் ஒரு போர்டு வைத்து கிழவர் கிழவிகளுக்குப் புரிகிற மாதிரி சொன்னால் என்ன?

கம்பெனி திரும்ப அழைத்துச் சரிசெய்யாதா என்றால், 2010-ல் மாருதி ஏ-ஸ்டார் கார்கள் சுமார் 1 லட்சத்தைப் பெட்ரோல் பம்ப் கேஸ்கெட் மாற்ற அழைத்தார்கள். ஒரு கேஸ்கெட்டுக்கு அவ்வளவு பயம்! ஆனால் 2021 ஏப்ரலில் வந்த ரீகால் விதி 7 வருஷத்துக்கு உட்பட்ட வண்டிக்குத்தான். நம் 20 வருஷ வண்டிக்கு நாமே கம்பெனி, நாமே அரசாங்கம்.

ஆகவே "அடைச்சாச்சு" என்றால் விடாதீர்கள். "எங்கிருந்து கசிந்தது?" என்று கேளுங்கள்.

1. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அடியில் வெள்ளை அட்டை போட்டு, டார்ச் அடித்துப் பார்க்கவும். தீக்குச்சி, லைட்டர் பக்கத்திலேயே வரக்கூடாது.

2. கார்புரேட்டர் வண்டியில் டிப் ஸ்டிக்கை எடுத்து முகருங்கள். ஆயில் அளவு ஏறி பெட்ரோல் வாசனை அடித்தால் பம்ப் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். கார்புரேட்டர் வெளியே நனைந்திருந்தால் மிதவை ஊசி மாட்டியிருக்கும்.

3. எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் பம்ப் சில விநாடி ஓடும். அப்போது ஃபில்டர் இணைப்பு, இன்ஜெக்டர் ஓ-ரிங் இரண்டையும் ஒருவர் பார்க்க வேண்டும்.

4. ஃபுல் டேங்க் போட்டால் மட்டும் வாசனை என்றால் டேங்க் வாய்க்குழாயையும் மேல் கேஸ்கெட்டையும் பாருங்கள்.

கழற்றுவதற்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றணும். எம்.பி.எஃப்.ஐ. என்றால் அதற்கும் முன்னால் பம்ப் ஃபியூஸை எடுத்து, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓட்டி பிரஷரை இறக்கணும். வெடித்த துண்டை மட்டும் மாற்றாமல், போகிற லைன், திரும்புகிற லைன் இரண்டின் ரப்பரையும் கிளிப்போடு மொத்தமாக மாற்றுங்கள். தோட்டத்து டியூப், பிளாஸ்டிக் குழாய் ஆகாது. எம்.பி.எஃப்.ஐ. வண்டிக்கு எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ்தான். கார்புரேட்டருக்கும் அதையே போட்டால் நஷ்டமில்லை, எத்தனாலைத் தாங்கும். பில் வாங்குங்கள், தேதி எழுதி வையுங்கள்.

20 வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 10,000 ரூபாய் என்று 2025-ல் ஏற்றினார்கள். முணுமுணுத்துக்கொண்டே கட்டுகிறோம். சில நூறு ரூபாய் ஹோஸுக்குத்தான் "அடுத்த லீவுல பாத்துக்கலாம்". இன்ஷூரன்ஸ் இருக்கே என்பவர்கள் பாலிசியின் நிபந்தனைப் பகுதியைப் படியுங்கள். வண்டியை நல்ல நிலையில் வைத்திருப்பது உங்கள் கடமை என்று அதிலேயே போட்டிருக்கும். சோப்பு அப்பிய டியூபை சர்வேயரிடம் என்னவென்று காட்டுவீர்கள்?

வண்டியை விற்றுவிடலாம் என்பவர்களும் முதலில் கசிவைச் சரிசெய்துவிட்டு விற்கட்டும். இன்னொருத்தன் பிள்ளையும் பிள்ளைதான்.

இன்று ராத்திரி ஊருக்குப் போன் போடும்போது, சாப்பிட்டாச்சா என்று கேட்ட கையோடு, வண்டியில் பெட்ரோல் வாசனை வருகிறதா என்றும் கேளுங்கள். வருகிறது என்றால், ஹோஸ் மாற்றும் வரை சாவியை பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். டாக்டரிடம் போக ஆட்டோ இருக்கிறது.