கடைமடைக்காரரின் நியாயம் கங்கைக்கும் பொருந்துமா?

கடலூர் மாவட்டத்தின் கம்மாபுரத்துக்கும் மேற்கு வங்கத்தின் ஃபரக்கா அணைக்கும் நடுவே 1,500 கிலோமீட்டருக்கு மேல் தூரம். ஆனால் 2026 டிசம்பரில் ஃபரக்கா தொடர்பாக முடிவாக வேண்டிய ஒரு விஷயம், கம்மாபுரம் வட்டாரத்து விவசாயிக்கு நன்றாகவே புரியும். மேலே இருப்பவர் மதகை இறக்கினால் கீழே இருப்பவர் என்ன செய்வார்? அதற்கு எழுதி வைத்த விதி உண்டா? அந்த விதி காலாவதியானால் அப்புறம் என்ன?

இந்தியாவும் வங்கதேசமும் 1996 டிசம்பர் 12 அன்று கையெழுத்திட்ட கங்கை நீர்ப் பகிர்வு ஒப்பந்தத்தின் ஆயுள் 30 ஆண்டுகள். அது 2026 டிசம்பரில் முடிகிறது. "அது டெல்லி, டாக்கா சமாச்சாரம், நமக்கென்ன?" என்று தமிழ்நாட்டில் கேட்கலாம். ஆனால் காவிரிக்காக அரை நூற்றாண்டாகக் கீழ்ப்பாசன உரிமை பேசி வரும் மாநிலம் இது. இந்த விஷயத்தில் கருத்துச் சொல்லும் தகுதி வேறு யாரையும் விட இங்கேதான் அதிகம் இருக்கிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

டிஎம்சி என்றால் 100 கோடி கன அடி. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டிஎம்சி. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அளித்த தீர்ப்பின்படி, இயல்பான ஓர் ஆண்டில் பிலிகுண்டுலுவில் கர்நாடகம் தர வேண்டியது 177.25 டிஎம்சி.

கங்கையின் அளவு வேறு. கோடையில் வங்கதேசத்துக்கு முக்கியமான அளவு வினாடிக்கு 35,000 கன அடி, அதாவது நாளொன்றுக்கு சுமார் 3 டிஎம்சி. கர்நாடகம் ஓராண்டில் பிலிகுண்டுலுவில் தர வேண்டிய காவிரி நீர் கங்கையில் இரண்டே மாதத்தில் ஓடிவிடும். ஆறு பெரிது, அதை நம்பியிருக்கும் மக்களும் அதிகம். சண்டையின் தன்மை மட்டும் ஒன்றுதான்.

ஒப்பந்தம் என்ன சொல்கிறது?

பங்கீடு ஜனவரி 1 முதல் மே 31 வரை மட்டும். மழைக்காலத்தில் யாரும் பங்கு கேட்பதில்லை, வெள்ளம்தான் பிரச்சினை. அந்த ஐந்து மாதங்களைப் பத்துப் பத்து நாட்களாகப் பிரித்து, ஃபரக்காவுக்கு வந்து சேரும் நீரைக் கணக்கிடுகிறார்கள்.

70,000 கன அடி அல்லது அதற்குக் கீழ் வந்தால் ஆளுக்குப் பாதி. 70,000 முதல் 75,000 வரை வந்தால் வங்கதேசத்துக்கு 35,000, மீதி இந்தியாவுக்கு. 75,000க்கு மேல் போனால் இந்தியா 40,000 எடுத்துக்கொள்ளும், மீதி வங்கதேசத்துக்கு. இந்த 40,000 கொல்கத்தா துறைமுகத்துக்கானது. ஹூக்ளி ஆற்றில் சேரும் மண்ணை அடித்துச் செல்லத்தான் ஃபரக்கா அணையே கட்டப்பட்டு, 1975ல் செயல்பாட்டுக்கு வந்தது.

மார்ச் முதல் மே முற்பகுதி வரையிலான கடும் கோடையில் இன்னொரு ஏற்பாடு உண்டு. பத்து நாள் முறை ஒன்றில் ஒரு நாட்டுக்கு 35,000 கன அடி உறுதி, அடுத்த முறையில் மற்ற நாட்டுக்கு. ஏரிப் பாசனத்தில் பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இன்றைக்கு உன் முறை, நாளைக்கு என் முறை. ஊரில் நீர்கட்டி செய்யும் வேலையை இங்கே இரு நாடுகளின் கூட்டுக் குழு செய்கிறது.

ஓட்டை எங்கே? வரத்து 50,000 கன அடிக்கும் கீழே போனால் "இரு அரசுகளும் உடனடியாகக் கலந்து பேச வேண்டும்" என்பதோடு ஒப்பந்தம் நின்றுவிடுகிறது. 1977ல் போட்ட முந்தைய ஒப்பந்தத்தில், வரத்து எவ்வளவு சரிந்தாலும் வங்கதேசத்துக்குக் குறித்த பங்கில் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்ற உத்தரவாதம் இருந்தது. 1996ல் அது இல்லை. தண்ணி நிறைய வரும்போது விதி தெளிவாக இருக்கிறது. தண்ணி வராதபோதுதான் விதி தேவை, அங்கே காகிதம் காலியாக இருக்கிறது.

காலாவதியானால் என்ன ஆகும்? காவிரியைப் பாருங்கள்

1924 பிப்ரவரி 18 அன்று சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் போட்டது காவிரி ஒப்பந்தம். கிட்டத்தட்ட இரு நாடுகளின் உடன்படிக்கை மாதிரிதான் அது. கிருஷ்ணராஜ சாகரும் மேட்டூரும் அதன் கீழ் வந்த அணைகள். 50 ஆண்டுகள் கழித்து, 1974ல், சில பிரிவுகளை மறு ஆய்வு செய்யலாம் என்று அதில் இருந்தது. ஒப்பந்தமே முடிந்துவிட்டது என்றது கர்நாடகம். குறிப்பிட்ட பிரிவுகளை மட்டும்தான் மறு ஆய்வு செய்ய முடியும் என்றது தமிழ்நாடு.

அந்த ஒற்றை வரியின் விலை என்ன? நடுவர் மன்றம் அமைய 1990 வரை 16 ஆண்டுகள். அதன் இறுதித் தீர்ப்பு வர 2007 வரை 33 ஆண்டுகள். உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தி, மேலாண்மை ஆணையம் உருவாக 2018 வரை 44 ஆண்டுகள். இடையில் எத்தனை குறுவை, எத்தனை சம்பா போயின என்பதற்கு யாரிடமும் கணக்கு இல்லை.

கங்கையிலும் இது நடந்திருக்கிறது. 1977 ஒப்பந்தம் 1982ல் முடிந்தது. பிறகு இரண்டு தற்காலிக உடன்பாடுகள். 1988ல் அவையும் முடிந்து, 1996 வரை எட்டு ஆண்டுகள் எழுத்தில் எதுவுமே இல்லை. மதகு இந்தியாவின் கையில், கோடை வங்கதேசத்தின் தலையில். அதே நிலைக்குத் திரும்பிப் போவது யாருக்கும் நல்லதல்ல.

"நம்ம தண்ணிய ஏன் கொடுக்கணும்?"

இந்தக் கேள்வியைப் புறந்தள்ள முடியாது. மேற்கு வங்கத்துக்கும் பீகாருக்கும் சொந்தக் குறைகள் உண்டு. ஃபரக்காவால் மண் சேர்ந்து வெள்ளம் அதிகரிக்கிறது என்பது பீகாரின் பழைய புகார். 2011ல் தீஸ்தா ஒப்பந்தம் கையெழுத்தாகும் கட்டத்தில் நின்றுபோனது மேற்கு வங்க அரசின் எதிர்ப்பால்தான். வெளிநாட்டோடு ஒப்பந்தம் போடும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு. ஆனால் தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மாநிலத்தைக் கேட்காமல் போடும் ஒப்பந்தம் நிலைக்காது.

ஆனால் "நம்ம தண்ணி" என்ற வாதம் மேலே போகப் போகத் திரும்பிக் கடிக்கும். பிரம்மபுத்திராவின் மேல்பகுதி திபெத்தில் இருக்கிறது. அங்கே மிகப் பெரிய நீர்மின் அணைத் திட்டத்தின் பணியை 2025 ஜூலையில் சீனா தொடங்கியது. சீனாவோடு இந்தியாவுக்கு நீர்ப் பகிர்வு ஒப்பந்தமே கிடையாது. வெள்ளத் தகவல் பரிமாற்றத்துக்கு மட்டும் உடன்பாடு இருந்தது. டோக்லாம் பதற்றம் நிலவிய 2017ல் அந்தத் தகவல்கூட வரவில்லை. ஃபரக்காவில் மேல்மடைக்காரராக இருக்கும் இந்தியா, அசாமில் கடைமடைக்காரர். ஒரு மடையில் பேசுகிற நியாயத்தை அடுத்த மடையில் மாற்றிப் பேசினால் யார் கேட்பார்கள்?

சிந்து நதி ஒப்பந்தமும் இதைத்தான் காட்டுகிறது. 1960 செப்டம்பர் 19 அன்று கராச்சியில் நேருவும் அயூப் கானும் கையெழுத்திட்டார்கள், உலக வங்கியும் கையெழுத்திட்டது. ராவி, பியாஸ், சட்லஜ் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கு. 1965, 1971, 1999 போர்களைத் தாண்டி அது நின்றது. காரணம், அது நட்பை நம்பி எழுதப்படவில்லை. தகராறு வந்தால் முதலில் நிரந்தர ஆணையம், பிறகு நடுநிலை நிபுணர், அதற்கும் மேல் நடுவர் நீதிமன்றம் என்று படிப்படியாக வழி வைத்திருந்தது.

பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, 2025 ஏப்ரல் 23 அன்று இந்தியா அதை நிறுத்திவைத்தது. பயங்கரவாதத்துக்கு எதிரான நடவடிக்கை என்ற காரணத்தை ஏற்பவர்களும் ஒன்றை யோசிக்க வேண்டும். பாகிஸ்தானுக்குச் சொல்லப்பட்ட செய்தியை டாக்காவும் காத்மாண்டுவும் பெய்ஜிங்கும் கேட்டுக்கொண்டிருந்தன. கங்கை ஒப்பந்தத்தை நேரத்தோடு, நேர்மையாகப் புதுப்பிப்பதுதான் இந்தியாவின் சொல்லுக்கு இன்னும் மதிப்பு உண்டு என்று காட்டும் வழி.

தரைக்குக் கீழே ஓடும் தண்ணீர்

இந்த ஒப்பந்தங்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் தண்ணீரை மட்டும்தான் பிரிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் என்ன ஆகும் என்பதற்கு கம்மாபுரம் வட்டாரத்தை விட நல்ல பாடம் கிடைக்காது.

நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீர் இருக்கிறது. ஒரு காலத்தில் துளை போட்டால் மோட்டார் இல்லாமலே பொங்கி வந்த நீர் அது. அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் அடித்தளம் தாங்காது. அதனால் இரவு பகலாக இறைக்கிறார்கள். இறைத்த நீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் பாசனத்துக்குப் போகிறது. அந்தப் பயிருக்கு அது வரம். கிணறு ஆழமாகிக்கொண்டே போகிறது என்பது சுற்றுக் கிராமங்களின் நீண்ட நாள் குறை. ஒரே தண்ணீர், ஒரு ஊருக்கு வரவு, இன்னொரு ஊருக்குச் செலவு. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதும் ஏற்பாடுதான் இல்லை.

எல்லை தாண்டிய ஆறுகளிலும் இதே கதை. கோடையில் ஆற்றில் ஓடுவதில் பெரும்பங்கு நிலத்தடியிலிருந்து கசிந்து வரும் நீர்தான். ஆற்றங்கரை நெடுக ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகினால் கசிவு குறையும், ஃபரக்காவுக்கு வரும் நீரும் குறையும். மதகை யாரும் தொடவே வேண்டாம்.

நிலத்தடி நீரைக் கணக்கில் சேர்ப்பது முடியாத காரியமும் இல்லை. 2018 காவிரித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் நிலத்தடி நீரில் 10 டிஎம்சியைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. அதில் தமிழ்நாட்டுக்கு நட்டம்தான், ஆனாலும் முறை என்ற வகையில் அது ஒரு தொடக்கம். ஜெனீவாவும் பக்கத்துப் பிரெஞ்சுப் பகுதியும் 1978 முதலே ஒரே நிலத்தடி நீர்ப் படுகையை ஒப்பந்தம் போட்டுப் பகிர்கின்றன. யார் எவ்வளவு இறைக்கிறார், திரும்ப நீர் செலுத்தும் செலவை யார் தருவது என்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள்.

புதிய ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும்?

ஒன்று, பஞ்ச காலத்துக்கான சூத்திரம். "கலந்து பேசுவோம்" போதாது. காவிரித் தீர்ப்பு, பற்றாக்குறை ஆண்டில் எல்லோருடைய பங்கும் விகிதாசாரப்படி குறையும் என்கிறது. ஆனால் பற்றாக்குறை எவ்வளவு என்பதை மாதாமாதம் கணக்கிடுவதில் சண்டை தீரவில்லை. 2023ல் ஜூன் 12 அன்று திறந்த மேட்டூர் அணையை அக்டோபரிலேயே மூட வேண்டியதாயிற்று. ஆகவே 50,000 கன அடிக்குக் கீழே போனாலும் யாருக்கு எவ்வளவு என்பது எண்ணாகவே இருக்க வேண்டும்.

இரண்டு, வெளிப்படையான அளவீடு. மேட்டூர் நீர்மட்டத்தைத் தினமும் காலையில் டெல்டா விவசாயி செல்போனில் பார்க்கிறார். ஃபரக்காவின் கோடைக் கணக்கும் அதே மாதிரி இரு நாட்டு மக்களின் கைக்கும் வர வேண்டும். கணக்கு மறைவாக இருக்கும் வரை வதந்திதான் ஓடும்.

மூன்று, நிலத்தடி நீர். முதலில் பங்கு போட வேண்டாம். இரு பக்கமும் அளந்து, எண்களைப் பரிமாறிக்கொண்டாலே பெரிய விஷயம்.

நான்கு, முடிவுத் தேதிக்குப் பிறகு என்ன என்ற பிரிவு. புதிய ஒப்பந்தம் வரும் வரை பழையது தொடரும் என்ற ஒரே ஒரு வரி 1924ல் இருந்திருந்தால், 1974க்குப் பிந்தைய காவிரிக் கதை வேறாக இருந்திருக்கும்.

தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் காவிரிக்காக அவையில் எழுந்து நிற்பார்கள், அது சரியே. கங்கை ஒப்பந்தம் விவாதத்துக்கு வரும்போதும் அவர்கள் எழுந்து, கீழ்ப்பாசன உரிமை என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். பத்மா நதிக்கரை விவசாயி கேட்பதும் கடைமடைக்காரர் கேட்பதும் ஒரே கேள்விதான்: என் முறை எப்போது வரும், வரும்போது தண்ணி இருக்குமா?