உலை ஏறியது அந்தியில்

தமிழர் உணவைப் பற்றிய மேடைப் பேச்சுகளிலும் காலை நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும் கைபேசியில் வந்து விழும் நலவாழ்வுக் குறிப்புகளிலும் ஒரே பாட்டு ஓயாமல் ஒலிக்கிறது. காலையில் இட்லி, தோசை, பொங்கல். மதியம் குழம்பு, ரசம், மோரோடு சாப்பாடு. இரவில் லேசாக ஒரு பலகாரம். இப்படி மூன்று வேளையும் நேரம் தவறாமல் உண்டு நம் முன்னோர் நோய்நொடி இல்லாமல் வாழ்ந்தார்களாம். நாம்தான் கெட்டுப்போனோமாம். சொல்பவர்களில் பெரும்பாலோர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் இது உண்மையல்ல. இந்த மண்ணில் உழைத்தவர்களின் வயிற்றை வரலாற்றிலிருந்தே துடைத்தெறிகிற கதை இது. அதனால்தான் இதை எதிர்க்க வேண்டியிருக்கிறது.

ராமநாதபுரத்துப் பக்கமோ தருமபுரிப் பக்கமோ, எண்பதை எட்டிய விவசாயக் கூலி ஒருவரிடம் சின்ன வயதில் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். இட்லி என்ற சொல் வந்தால் தீபாவளி என்ற சொல்லும் கூடவே வரும். உளுந்து ஊறவைத்து ஆட்டுக்கல்லில் மாவாட்டுவது நல்ல நாள் பெரிய நாளுக்கு மட்டும்தான். மற்ற நாளெல்லாம் காலையில் பழையது. அதுவும் முந்தின ராத்திரி சோறு மிஞ்சியிருந்தால். மிஞ்சாவிட்டால் நீராகாரத்தில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு வேலைக்குப் போக வேண்டியதுதான். வானம் பார்த்த பூமியில் அந்தப் பழையதும் அரிசிச் சோறு இல்லை. கம்பங்கூழ், கேப்பைக் களி, சோளச் சோறு, வரகு. நெல்லுச் சோறு கரிசல் காட்டுப் பிள்ளைகளுக்கு விருந்தாகவும் ஏக்கமாகவும் இருந்ததை கி. ராஜநாராயணனைப் படித்தவர்கள் அறிவார்கள்.

நெல் விளைந்த இடத்தில் மட்டும் நிலைமை வேறாக இருந்ததா? தஞ்சை வட்டாரத்தில் கூலியை நெல்லாக அளந்த காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். விடியக்கருக்கலில் வயலில் இறங்கிய பெண், பொழுது சாய்ந்து கரையேறி, அளந்து கொடுத்த நெல்லை மடியில் வாங்கிக்கொண்டு வீடு வருவாள். அதை உரலில் இட்டுக் குத்த வேண்டும், புடைக்க வேண்டும், நொய்யைப் பிரிக்க வேண்டும். உலை ஏறுவது அதற்குப் பிறகு. சூடான சோறு என்று ஒன்று அந்தக் குடிசையில் கண்ணில் பட்டது இருட்டிய பிறகுதான். அதில் ஒரு கை அள்ளித் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலைக்குப் பழையது. வயல் வரப்புக்குத் தூக்குவாளியில் போனது அதன் கஞ்சி. அடுப்பு எரிந்தது ஒரு வேளை. மற்ற இரண்டு வேளையும் அந்த ஒரு வேளையின் மிச்சம்.

அந்த நெல்லில் கூடுதலாக அரைப்படி கேட்டதுதான் கீழவெண்மணியில் பெருங்குற்றமாகிப் போனது. 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு 44 பேரை ஒரே குடிசையில் வைத்து எரித்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அரைப்படி நெல்லுக்காக உயிர் போன மண்ணில், நம் முன்னோர் எல்லாரும் மூன்று வேளையும் வகைவகையாக உண்டார்கள் என்று பேச எப்படி மனம் வருகிறது? எந்த முன்னோர் என்று கேட்டால் உடனே சத்தம் குறைந்துவிடும்.

சரி, வசதி இருந்த வீடுகளையே எடுத்துக்கொள்வோம். அங்கும் இன்றைய அட்டவணை கிடையாது. உத்தியோகத்துக்குப் போன மயிலாப்பூர் வீடுகளிலும் கும்பகோணத்து வீடுகளிலும் காலையில் காப்பி, ஒன்பதரை பத்து மணிக்கு முழுச் சாப்பாடு, பிற்பகல் மூன்று மணிக்கு டிபன், ராத்திரி மறுபடி சாப்பாடு. இலையில் சோறு போட்டது காலையில். பலகாரம் வந்தது பிற்பகலில். இன்றைக்கு நாம் பாரம்பரியம் என்று சொல்லும் வரிசைக்கு நேர் தலைகீழ். செட்டிநாட்டில் மாலையில் இடைப்பலகாரம் என்று தனியாகவே ஒன்று உண்டு. அந்தக் காப்பியும் பழையதல்ல. நீராகாரம் இருந்த இடத்தைக் காப்பி பிடித்துக்கொண்ட கதையையும், அதைக் கண்டு அன்றைய பெரியவர்கள் பதறிய பதற்றத்தையும் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

பெயர்களும் அப்படித்தான், ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள். வட சென்னையில் காலையில் சாப்பிடுவது நாஷ்டா. மலேசியத் தமிழர்களும் நம்மூர் முஸ்லிம் வீட்டாரும் ‘பசியாறியாச்சா’ என்பார்கள். யாழ்ப்பாணத்தில் காலைச் சாப்பாடு என்றால் அது புட்டோ இடியப்பமோ. அதற்கு டிபன் என்ற பெயரே வேண்டியிருக்கவில்லை. இலங்கை மலையகத்துத் தோட்டங்களில் பெரட்டு என்ற காலை ஆளெடுப்புக்குப் போகும் முன் ஒரு வாய் தேத்தண்ணியும் கோதுமை மாவு ரொட்டியும். ரமலான் மாதத்தில் ஒரு சமூகமே சஹருக்கும் நோன்புக் கஞ்சிக்கும் நாளைத் திருப்பி வைத்துக்கொள்கிறது. சமணர் வீடுகளில் பொழுது அடைந்தால் அடுப்பில்லை. இத்தனையும் தமிழ் பேசும் வீடுகள். இவற்றில் ஒன்றை மட்டும் பிடித்து இதுதான் தமிழர் உணவு முறை என்று முத்திரை குத்த யாருக்கும் உரிமை இல்லை.

கோயிலையும் சாட்சிக்கு இழுப்பார்கள். சாமிக்கே வேளை தவறாமல் நைவேத்தியம் நடக்கிறதே என்பார்கள். பெரிய கோயில்களில் ஆறு கால பூசை நடப்பது உண்மை. வருமானம் இல்லாத கோயில்களுக்காக அறநிலையத் துறை ‘ஒரு கால பூஜைத் திட்டம்’ நடத்துவதும் உண்மை. எத்தனை வேளை என்பதைக் கருவறைக்குள்ளேயே நிலமும் வரும்படியும்தான் தீர்மானித்திருக்கின்றன. குடிசைக்குள் வேறு என்ன தீர்மானித்திருக்கும்?

இட்லி பழையது என்ற வாதமும் உண்டு. பழையதுதான், 10ஆம் நூற்றாண்டுக் கன்னட நூலான ‘வட்டாராதனெ’யில் இட்டலிகெ வருகிறது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் இட்லி பிரசாதமாக இருக்கிறது. ஆனால் ஒரு பண்டத்தின் வயது வேறு, அது எல்லார் வீட்டிலும் தினமும் காலையில் வேகிற பழக்கத்தின் வயது வேறு. பிரசாதமாக வைத்துப் போற்றப்பட்டதே, அது அன்றாடத்துக்கு எட்டாத பண்டமாக இருந்ததற்கு அடையாளம் என்பேன்.

அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று பார்த்தால் பெருமைப்பட வேண்டிய கதை ஒன்று கிடைக்கிறது. அதைத்தான் இந்தப் பாரம்பரியப் பேச்சு மறைத்துவிடுகிறது. முதலில் சங்கு. பெரம்பூரிலும் கோவையிலும் மில் சங்கு ஊதியபோது, ஏர் அவிழ்க்கிற நேரம், கஞ்சி வருகிற நேரம் என்றிருந்த பொழுதுகள் மணிக்கணக்காக மாறின. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. மதியச் சாப்பாட்டு நேரம் என்று நாம் இயல்பாகச் சொல்வதற்குப் பின்னால் இப்படிச் சட்டமும் அதைக் கேட்டு நின்ற தொழிலாளர்களும் இருக்கிறார்கள்.

அடுத்தது அரிசி. 1942இல் பர்மா ஜப்பான் வசம் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பிறகு ரேஷன், கோதுமை, பஞ்சம். 1960களின் நடுவில் அரிசிக்காக நீண்ட வரிசைகள். 1967 தேர்தலில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்பதே ஆட்சியை மாற்றிய வாக்குறுதிகளில் ஒன்றானது. ஆடுதுறை 27, ஐ.ஆர். 8 போன்ற ரகங்கள் வந்தன; ரேஷன் கடை ஊருக்கு ஊர் வந்தது; 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011இல் விலையில்லா அரிசி. அரிசி கையில் இருந்தாலும் இட்லி வந்துவிடாது, மாவாட்ட ஆள் வேண்டும். அந்த ஆள் எப்போதும் பெண்தான். நாள் முழுக்க வயலில் குனிந்தவள் ராத்திரி ஆட்டுக்கல்லின் முன்னால் எப்படி உட்காருவாள்? கோவைக்காரர்கள் மின்சாரத்தில் சுற்றும் கிரைண்டரைச் செய்து கொடுத்த பிறகும் வசதியுள்ள வீடுகளைத் தாண்டி அது வர நாளாயிற்று. 2011 செப்டம்பரில் அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கத் தொடங்கியபோது அதைக் கேலி செய்தவர்கள் எத்தனை பேர்! கேலி செய்தவர்கள் வீட்டு ஆட்டுக்கல் எப்போதோ கொல்லைக்குப் போயிருந்தது.

கூலி வீட்டுப் பிள்ளையின் தட்டில் காலையில் இட்லி விழுந்தது இந்த வழியாகத்தான். கூலிப் போராட்டம், ரேஷன், மின்சாரம், கிரைண்டர். இது போராடியும் ஓட்டுப் போட்டும் பெற்றது. அதை எடுத்து, முன்னோர் தந்த சீதனம் என்று எழுதி வைப்பது பெற்றவர்களுக்குச் செய்யும் துரோகம்.

இன்னொரு வாசகம் இந்த நம்பிக்கைக்குத் துணையாக வருகிறது. காலையில் அரசனைப் போல, மதியம் இளவரசனைப் போல, இரவில் ஏழையைப் போல உண்ண வேண்டும் என்று சித்தர்கள் சொன்னார்களாம். இது கடந்த நூற்றாண்டில் அடெல் டேவிஸ் என்ற அமெரிக்க எழுத்தாளரின் பெயரோடு பரவிய வாசகம். நம்மிடம் திருக்குறளில் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. முன்பு உண்டது செரித்ததா என்று அறிந்து, நன்றாகப் பசித்த பிறகு, அளவோடு உண் என்கிறார் வள்ளுவர். எத்தனை வேளை, எத்தனை மணிக்கு என்று ஓர் இடத்திலும் சொல்லவில்லை. இரவில் ஏழையைப் போல உண்ணச் சொல்லும் அறிவுரையைக் காலமெல்லாம் இரவில் மட்டுமே வயிறு நிறைந்தவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள், அதன் பொருள் விளங்கும்.

நேரத்துக்குச் சாப்பிடுவது நல்லதுதானே என்று கேட்பார்கள். நல்லதுதான். குழந்தைகள் காலையில் வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போகக் கூடாது என்பதில் எனக்கு ஒரு துளி மாற்றுக் கருத்தும் இல்லை. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுவதற்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்தத் திட்டம் ஏன் தேவைப்பட்டது? காலை ஆறு மணிக்கே வேலைக்குப் போக வேண்டிய தாய்மார்கள் இருக்கும் வீடுகளில் எட்டு மணிக்கு அடுப்பு எரியாது என்பதால். எல்லாத் தமிழர் வீட்டிலும் காலையில் டிபன் வேகிறது என்ற நம்பிக்கை உண்மையாக இருந்தால், அத்தனை ஆயிரம் பள்ளிகளில் உப்புமாவும் கிச்சடியும் கிண்ட வேண்டியிருந்திருக்காது. 1956இல் எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவைத் தொடங்கி வைத்ததும், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்ததும் பிள்ளைகளின் பசியைப் பார்த்துத்தான்.

இந்தக் கதையால் இன்று நடக்கும் தீங்கு வெறும் பேச்சோடு நிற்பதில்லை. பழைய சோற்றைத் தூக்கில் கொண்டுவரும் பெண் அதை மற்றவர்கள் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுகிறாள். விடியும் முன் தெருவில் இறங்கும் தூய்மைப் பணியாளர் பத்து மணிக்கு முதல் கவளம் எடுத்தால், ‘இப்பத்தான் சாப்பிடுறீங்களா?’ என்று கேட்டு நேரங்காலம் தெரியாதவராக்கிவிடுகிறோம். இரவு ஷிப்ட் முடித்துக் காலை ஏழு மணிக்குச் சோறு கேட்பவருக்கு எந்த ஓட்டலிலும் சோறு கிடையாது. டிபன் நேரம், மீல்ஸ் நேரம் என்று பலகையில் எழுதிவிட்டார்கள்.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்பட வைப்பது மாத்திரைச் சீட்டு. ‘காலை, சாப்பாட்டுக்கு முன்’ என்று எழுதிக் கொடுக்கிறார்கள். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு உணவைத் தள்ளிப்போட்டால் ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். களையெடுக்கப் போகும் அம்மா ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறார். சீட்டில் காலை என்று இருப்பதால் அப்போதே போட்டுக்கொள்கிறார். அவர் கஞ்சி குடிப்பது பதினொரு மணிக்கு. நடுவில் வெயிலில் கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டி வரப்பில் உட்காருகிறார். பித்தம் என்று சொல்லிக்கொள்கிறார். எழுதியவரின் மனதில் எட்டு மணி இட்லி இருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்தவரின் நாள் அவருக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே போகின்றன. கொண்டுபோகும் பெண்களும் பெரும்பாலும் அந்தந்த ஊர்க்காரர்கள். யார் வீட்டில் எப்போது அடுப்பு எரியும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் கையில் இருக்கும் பதிவேட்டில் ஒரு கட்டம் கூட்டச் சொல்லுங்கள்: ‘அன்றைய முதல் சாப்பாடு எத்தனை மணிக்கு?’ மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு மாத்திரை நேரத்தை எழுதட்டும்.